கொத்தனார் இங்கிலீஷ்

போன வாரம் "புது வேலை எனக்கு செட் ஆகவில்லை" என்று எழுதியிருந்தேன். அதன் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "செட் என்றால் தொகுப்பு. இதெல்லாம் கொத்தனார் இங்கிலீஷ்" என்று ஒரு ஐயா தீர்ப்பு எழுத, 40 பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

ஐயா, செட்டுக்கு ஒரே பொருள்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில், வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 430-க்கு மேல் பொருள். சூரியன் செட் ஆகும், ஜெல்லி செட் ஆகும், உடைந்த எலும்பை டாக்டர் செட் பண்ணுவார். இந்த வினைச்சொல் பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. நீங்கள் காவல் காக்கிற 'தொகுப்பு' இருக்கிறதே, அதுதான் லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாகப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

"ஒத்துவரவில்லை என்று தமிழில் எழுதினால் என்ன?" எழுதலாம். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் அடுத்த முறை ஓட்டலில் செட் தோசைக்கும் ஒரு பெயர் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

"நீ சொன்ன பொருள் அந்த 430-இலும் கிடையாதே?" கிடையாதென்றே வைத்துக்கொள்வோம், இருந்துவிட்டுப் போகட்டும். அவ்வளவு வைத்திருப்பவர்களுக்கு நாம் இன்னொன்று கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? நம் 'படி'யில் ஏறுகிறோம், அரிசி அளக்கிறோம், பாடம் படிக்கிறோம், ஆபீசில் பயணப்படியும் வாங்குகிறோம். அதற்கு யாரும் சிரித்ததில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எந்த மொழியிலும் எழுதி வைக்கவில்லை ஐயா.

அப்புறம், அந்தக் 'கொத்தனார்'. என் அப்பா கொத்தனார்தான். லீவு நாளில் நானும் கூடப் போய்ச் சிமெண்டு கலவைச் சட்டி தூக்குவேன். "அரை மணி நேரத்துல செட் ஆக ஆரம்பிச்சிரும், வெரசா கொண்டாடா" என்று சாரத்திலிருந்து கத்துவார். பிறகு சிவில் டிப்ளமோவில் சேர்ந்தேன். சாதா போர்ட்லேண்ட் சிமெண்டின் 'இனிஷியல் செட்டிங் டைம்', அதாவது இறுகத் தொடங்கும் நேரம், 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று பாடம் நடத்தினார்கள். அதே சொல், அதே அரை மணி. அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். உங்களைவிடச் சரியாகத்தான் அந்த வார்த்தையைப் பேசியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிரித்த 40 பேரில் ஒருவன் என் சித்தப்பா மகன். அவன் வீட்டு மாடிக்குத் தளம் போட்டதே அப்பாதான்.