காகிதத்துக்கு ராக்கெட் சான்றிதழ் எதற்கு?

காகித மடிப்புக் கலையான ஓரிகாமி பற்றி எதை எடுத்துப் படித்தாலும் சற்று நேரத்தில் ஒரு விண்கலம் வந்துவிடுகிறது. 1995-இல் ஜப்பான் ஏவிய கலம் ஒன்றில் சூரியத் தகடுகள் ஜப்பானிய விஞ்ஞானி கோர்யோ மியூரா வகுத்த மடிப்பில் விரிந்தது உண்மைதான். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் தாள் முழுவதும் ஒரே இழுப்பில் விரிந்துவிடும். அருமையான மடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் 'விண்வெளிக்கே போய்விட்டது, ஆகவே இது பிள்ளை விளையாட்டு அல்ல' என்ற வாதம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. வீணை வாசிப்பவரிடம் இதனால் என்ன பயன் என்று யாராவது கேட்கிறோமா?

ஒரு தாளை இரண்டாக மடித்து, மறுபடி குறுக்கே இரண்டாக மடித்துப் பிரித்துப் பாருங்கள். நடுப்புள்ளியில் நான்கு மடிப்புக்கோடுகள் கூடும். மூன்று ஒரு பக்கம் புடைத்திருக்கும், ஒன்று மறுபக்கம். வித்தியாசம் இரண்டு. தட்டையாக மடங்கும் எந்த உருவத்தைப் பிரித்தாலும், தாளின் உள்ளே கோடுகள் கூடும் ஒவ்வொரு புள்ளியிலும் அதே இரண்டுதான். மேகாவா தேற்றம் என்பது இதைத்தான்.

கணிதம் நுழைந்தால் கலை செத்துவிடும் என்பவர்கள் ஓரிகாமிக் கலைஞர் ராபர்ட் லாங்கின் காகித வண்டுகளைப் பார்க்க வேண்டும். கொக்குக்குத் தலை, வால், இரண்டு சிறகு. தாளின் நான்கு மூலைகளே போதும். வண்டுக்கு ஆறு கால், போதாக்குறைக்கு உணர்கொம்புகள் வேறு. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, ஒரே சதுரம். இந்தப் பிடிவாதத்திலிருந்து பிறந்ததுதான் வட்ட அடுக்கு முறை: ஒவ்வொரு காலுக்கும் அதன் நீளத்தை ஆரமாகக் கொண்ட ஒரு வட்டம், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அவற்றின் மையங்கள் சதுரத்தில் அடங்கினால் வண்டு பிறக்க வழி உண்டு. மூலையில் கால்வட்டமே போதும் என்பதால் அங்கே காகிதம் மிச்சம். லேசர் இயற்பியலாளரான லாங் 2001-இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மடிக்க வந்தார். அவர் வகுத்த கணக்கு பின்னர் காரின் ஏர்பேக்கை மடிக்கவும் உதவியது, உதவட்டும். அது வண்டின் காலுக்காகப் போட்ட கணக்கு.

எனக்கு மிகப் பிடித்தது இன்னும் 'உதவாத' சங்கதி. கொடுத்த கனசதுரத்தைப் போல இரு மடங்கு கன அளவுள்ள கனசதுரத்தின் பக்கத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியாது. 1893-இல் சென்னையில் காகித மடிப்பு வடிவியல் பற்றி நூல் வெளியிட்ட சுந்தர ராவும், மடிப்பாலும் அது ஆகாது என்றே கருதினார். 1936-இல் இத்தாலியக் கணிதவியலாளர் மார்கெரிட்டா பெலோக் ஆகும் என்று காட்டினார். இரண்டு புள்ளிகள், இரண்டு கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் அதற்குரிய கோட்டின் மேல் ஒரே சமயத்தில் விழும்வரை தாளை நகர்த்தி, விரலால் அழுத்தினால் போதும்.