ஆய்வுக்கு மட்டும்தானா பதக்கம்?

நிலவியலாளர்களை ஆய்வு, கற்பித்தல், துறைப்பணி என மூன்றுக்குமே கௌரவிக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரியான பேச்சு. நோபலில் நிலவியலுக்கென்று தனிப் பரிசு கிடையாது, அதனால் துறைச் சங்கங்களின் பதக்கங்களுக்கு மதிப்பு அதிகம்.

லண்டன் நிலவியல் கழகம் தன் உயரிய விருதான வோலஸ்டன் பதக்கத்தை முதன்முதலாக 1831இல் வில்லியம் ஸ்மித்துக்குக் கொடுத்தது. கால்வாய்ப் பணிகளில் நில அளவையாளராக இருந்தவர். புதைபடிவங்களை வைத்துப் பாறை அடுக்குகளை அடையாளம் கண்டு, 1815இலேயே இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். அங்கீகாரம் வர 16 ஆண்டுகள். நடுவில் கடனுக்காகச் சிறைவாசம் வேறு!

இப்போதும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்குத்தான் மவுசு. மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப்போய்ப் பாறைச் சாய்வை அளக்கக் கற்றுத்தரும் ஆசிரியரும், நிலச்சரிவு அபாய வரைபடம் போடுபவரும் கண்ணில் படுவதே அபூர்வம். விருதுக்குப் பரிந்துரைக்கும் உரிமையைப் பழைய மாணவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே?