கொலஸ்டிரமின் பொடி கொழுப்பைக் கரைப்பதில்லை

கானாடுகாத்தான் அண்ணன் எழுதியது: "கொலஸ்டிரமின் பொடி ரத்தத்தில் கலந்து கொழுப்பைக் கரைக்கும், காலை மாத்திரைகளோடு சேர்த்தே விழுங்கலாம்." இரண்டுமே தவறு அண்ணே.

கொலஸ்டிராலைக் குறைக்கத் தரும் இந்தப் பொடி ரத்தத்துக்குள் போவதே இல்லை. குடலில் செரிமானத்துக்கு உதவும் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். இழந்த பித்த அமிலத்தை மறுபடி உண்டாக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. அளவு அப்படித்தான் குறைகிறது. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு அதை இன்னும் ஏற்றிவிடக்கூடும்.

பித்த அமிலத்தைப் பிடிக்கும் பொடி மாத்திரையையும் பிடிக்கும். எங்கள் ஆச்சி தைராய்டு மாத்திரையை இதோடு சேர்த்தே விழுங்கிவந்தார்கள். சோர்வு தீரவே இல்லை. தைராய்டு மாத்திரைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். மற்றவற்றைப் பொதுவாகப் பொடிக்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிடச் சொல்வார்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), டிஜாக்சின் (இதய மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடவே கூடாது.

வெறும் பொடியை வாயில் கொட்டாதீர்கள், தொண்டையை அடைத்துவிடும். தண்ணீரில் கலக்கினாலும் கரையாது, மணல்போல் நிற்கும். டம்ளரின் அடியில் தங்கியதையும் இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றிக் குடித்துவிட வேண்டும். மலச்சிக்கல் வரும், நீரும் கீரையும் தாராளமாகச் சேருங்கள்.