சத்தத்துக்கு வட்டம் போட்டுக் காட்டும் நிஞ்சா

ஸ்டெல்த் கேம் பிடிக்காது என்பவர்களிடம் காரணம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “எவன் பார்த்தான், எங்கேருந்து பார்த்தான்னே தெரியல, மாட்டிக்கிட்டேன்.” நியாயமான புகார். ஒளிந்து விளையாடும் ஆட்டத்தில் நாம் ஒளிந்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம்?

1998-ல் பிளேஸ்டேஷனில் வந்த தென்சூ என்ற நிஞ்சா ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்பதைத் திரையின் கீழே ஒரு எண் சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. கேமராவோ சுவரில் முட்டிக்கொண்டு நிஞ்சாவின் முதுகையே காட்டிக்கொண்டிருக்கும். பதற்றத்தில் பாதி, கேமராவோடு நடக்கும் மல்லுக்கட்டுதான். அதையும் ரசித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை.

2012-ல் கனடாவின் க்ளே என்டர்டெயின்மென்ட் கொண்டுவந்த மார்க் ஆஃப் தி நிஞ்சா இந்தப் புகாரை அடியோடு தீர்த்துவிட்டது. பக்கவாட்டில் நகரும் 2டி ஆட்டம் என்பதால் கேமரா சிக்கல் முதலிலேயே ஒழிந்தது. மிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்துவிட்டார்கள். இருட்டில் நின்றால் நிஞ்சா கறுப்பு நிழலுருவமாகத் தெரிவான், சிவப்புக் கோடுகள் மட்டும் மின்னும். வெளிச்சத்தில் கால் வைத்த கணமே உடம்பு முழுக்க நிறம் ஏறும். ‘இப்போது நான் தெரிகிறேனா’ என்று மூலையில் இருக்கும் மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. ஆளைப் பார்த்தாலே போதும்.

சத்தம் இன்னும் அழகு. ஓடினால் காலடியிலிருந்து ஒரு வட்டம் விரியும். அந்த வட்டம் தொட்ட காவலனுக்குக் கேட்கும், தொடாதவனுக்குக் கேட்காது. உயரத்திலிருந்து குதித்தாலும் வட்டம், விளக்கை உடைத்தாலும் வட்டம். எறிவதற்குக் குறி வைக்கும்போது காலம் உறைந்து நிற்கும். இந்த விளக்கை உடைத்தால் சத்தம் எதுவரை போகும் என்பதை அப்போதே, எறிவதற்கு முன்பே, காட்டிவிடும். ஆக, தாழ்வாரத்தில் இரண்டு காவலர்கள், நடுவில் ஒரு விளக்கு என்றால் கணக்குப் போட்டே அடிக்கலாம். வட்டத்துக்குள் ஒருவன் மட்டும் இருக்கும் நொடியில் விளக்கின் மேல் சின்ன எறியீட்டியை எறிந்தால் அவன் மட்டும் விளக்கடிக்கு வருவான், மற்றவன் தன் போக்கில் நடப்பான். பிரித்தாயிற்று.

இதே நேர்மை இரு பக்கமும் உண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காவலனை நிஞ்சாவால் பார்க்க முடியாது. கடைசியாகப் பார்த்த இடத்தில் மங்கலான உருவம் மட்டும் நிற்கும். அவர்கள் நம்மைப் பார்த்துவிட்டால் நம் நிழலுருவம் ஒன்று அந்த இடத்தில் நிற்கும், அவர்கள் அதைத்தான் தேடி வருவார்கள், நாம் அதற்குள் கூரைக்கடியில் தொங்கிக்கொண்டிருப்போம். துரத்தலையே ஒரு தூண்டிலாக மாற்றும் சின்னத் தந்திரம் இது.

கொல்வதற்கும் ஒழுங்கு உண்டு. பட்டனை அழுத்தியதும் ஒரு திசைக்குறி வரும், அதே பக்கம் தள்ள வேண்டும். தப்பினால் ஆள் சாவான், ஆனால் அலறிக்கொண்டு சாவான். நேருக்கு நேர் நின்று வாள் சுழற்ற வழியே இல்லை. அடித்துக் கீழே தள்ளி முடிக்கலாம், அதற்குள் பக்கத்து அறைத் துப்பாக்கி முந்திக்கொள்ளும். நிஞ்சா என்றால் பத்துப் பேரை வெட்டிச் சாய்ப்பவன் என்று நினைத்து வருபவர்கள் முதல் லெவலிலேயே திருந்திவிடுவார்கள்.

சரி, எங்கே உதைக்கிறது?

ஸ்கோரில். ஒவ்வொரு லெவலிலும் மூன்று ஸ்கோர் இலக்கு, மூன்று ஓலைச்சுருள், மூன்று சவால் என ஒன்பது பதக்கம். அந்தப் பதக்கங்களைக் கொடுத்துத்தான் புதுக் கருவிகளும் திறமைகளும் வாங்க வேண்டும். எனவே ஸ்கோரை அலட்சியப்படுத்தவும் முடியாது. கண்ணில் படாமல் ஒருவனைக் கடந்தால் புள்ளி, திசைதிருப்பினால் புள்ளி, பிணத்தை ஒளித்தால் புள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? சத்தமில்லாமல் ஐந்து நொடியில் தாண்டக்கூடிய அறையில் ஆட்டக்காரர் நின்று, உடைக்கத் தேவையே இல்லாத விளக்கை உடைத்து, காவலனை அலைக்கழித்துப் புள்ளி பொறுக்குகிறார். வந்த தடம் தெரியாமல் போவதுதான் நிஞ்சாவின் கலை, இங்கே கூலி கிடைப்பது தடம் விடுபவனுக்கு. இதற்கு மேல் யாரையும் கொல்லாமல் முடித்தால் பெரிய போனஸ் வேறு. ஒருபக்கம் விதவிதமாகக் கொல்ல ஆயுதம், இன்னொரு பக்கம் கொல்லாதே என்று பரிசு.

இதில் அநியாயமாக அடிபடுவது காவலர்களைப் பயமுறுத்தும் உத்தி. விளக்குக் கம்பத்தில் ஒரு பிணத்தைத் தொங்கவிட்டால், பார்க்கிற காவலன் மிரண்டுபோய் அசைவதையெல்லாம் சுடுவான், கூட்டாளி உட்பட. இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த கற்பனை இதுதான் என்பேன். ஆனால் அதற்கு ஒரு பிணம் வேண்டுமே. போனஸுக்காக விளையாடுபவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

காவலர்களின் மறதி அடுத்தது. நாலு பேர் காவல் இருந்த இடத்தில் மூன்று பேரைக் காணவில்லை. மிஞ்சியவன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பழைய ரோந்துக்கே திரும்புகிறான். நாய்கள்தான் பரவாயில்லை. ஒளியும் இடத்துக்குள் புகுந்தாலும் மோப்பம் பிடித்துவிடும்.

பட்டன் விஷயமும் எரிச்சல். பிணத்தை இழுப்பது, மறைவிடத்தில் புகுவது, கதவைத் திறப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன். கதவோரமாகப் பிணம் விழுந்து கிடந்தால், தப்பி ஓடும் அவசரத்தில் நிஞ்சா பிணத்தைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்தில் நிற்பார். திட்டம் சரியாக இருந்தும் விரல் தோற்கும் இடம் இது. இத்தனை துல்லியமான ஆட்டத்தில் இது மட்டும் ஒட்டவில்லை.

கதையைப் பற்றி (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்): நிஞ்சா உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறான், அது சக்தியைத் தரும், கடைசியில் பித்துப் பிடிக்க வைக்கும். கூடவே வரும் பெண் நிஞ்சா ஓரா நிஜமா என்ற கேள்வி நன்றாக விதைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இறுதியில் வாளை யார் மேல் பாய்ச்சுவது என்ற தேர்வு, வழியெல்லாம் எப்படி விளையாடினீர்கள் என்பதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. காவலர்கள் ஒருவரையும் தொடாமல் வந்தவருக்கும், எல்லோரையும் தீர்த்துக்கட்டி வந்தவருக்கும் அதே கேள்விதான்.

ஒருமுறை முடித்ததும் திறக்கும் இரண்டாம் சுற்றான நியூ கேம் பிளஸ் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே சத்த வட்டங்கள் காணாமல் போகும். முகம் திரும்பியிருக்கும் பக்கம் மட்டும்தான் தெரியும், முதுகுப் பக்கம் இருட்டு. எல்லாவற்றையும் காட்டியதால்தான் நல்ல ஆட்டம் என்றவன் காட்டாததைப் புகழலாமா என்று கேட்பீர்கள். புகழலாம். ஓட்டத்தின் வட்டம் எவ்வளவு அகலம் என்பது முதல் சுற்றிலேயே கண்ணில் பதிந்துவிட்டது, இப்போது வட்டம் இல்லாமலே அந்த அகலம் தெரிகிறது. முதல் சுற்றின் பிற்பாதியில் கருவிகள் கூடக் கூட ஆட்டம் சுலபமாகிவிடும் குறையும் இதில் ஓரளவு தீர்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 2018-ல் வந்த மெருகேற்றிய (ரீமாஸ்டர்டு) பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. முதல் சுற்றில் ஸ்கோர் பக்கம் போகாமல் பிணத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டாம் சுற்றுக்கு நிஞ்சாவுக்கு ‘மௌனப் பாதை’ என்ற உடையைப் போடுங்கள். அதைப் போட்டால் வாள் கிடையாது, ஓடினாலும் சத்தம் வராது, திசைதிருப்பும் கருவி இரண்டு எடுத்துப்போகலாம். அதில் ஒன்று புகைக்குண்டாக இருக்கட்டும், காவலனின் பார்வையோடு லேசர் கதிரையும் மறைத்துவிடும்.