மருத்துவப் பதிவேட்டுத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் உடலைக் கற்பியுங்கள்

மலேசியாவில் எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வெளியாகிக் கல்லூரி விண்ணப்பங்கள் சூடுபிடிக்கும் பருவத்தில், பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நான் பணிபுரிவதை அறிந்த பெற்றோர் சிலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சுகாதாரத் தகவல் மேலாண்மை என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே, பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வரும், சேர்த்துவிடலாமா?" சேர்க்கலாம் என்பதே என் பதில். ஆனால் பிள்ளைக்குக் கணினி வரும் என்பதை ஒரு காரணமாக நான் ஏற்பதில்லை. நோயைப் பற்றி மற்றவர்கள் அவசரத்தில் எழுதி வைத்ததைப் பொறுமையாகப் படித்து, அதில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் மனம் பிள்ளைக்கு உண்டா என்பதைத்தான் பெற்றோர் பார்க்க வேண்டும். முன்பு இதை ஃபைல் தூக்கும் வேலை என்றார்கள். இப்போது கம்ப்யூட்டர் வேலை என்கிறார்கள். இரண்டுமே வாசலில் நின்று பார்த்தவர்களின் கணிப்பு.

உள்ளே நடப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் வார்டில் சேர்க்கப்பட்டு, புண் சுத்தம் செய்யப்பட்டு, சில நாள்களில் வீடு திரும்புகிறார். மருத்துவர் டிஸ்சார்ஜ் சம்மரியில், அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் சிகிச்சைச் சுருக்கத்தில், 'காலில் புண்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 என்னும் நோய் வகைப்பாட்டில், வேறு எங்கும் வகைப்படுத்தப்படாத கால் புண்ணுக்கு எல்97 என்ற குறியீடு உண்டு. தட்டித் தேடினால் கணினி அதை நொடியில் நீட்டிவிடும். முறையாகப் படித்தவர் அங்கே நின்றுவிடமாட்டார். மருந்துச் சீட்டில் இன்சுலின் இருக்கிறது, தாதியர் குறிப்பில் சர்க்கரை அளவு வேளைதோறும் எழுதப்பட்டிருக்கிறது, சேர்க்கையின்போது எடுத்த குறிப்பில் பாதத்தில் உணர்வு குறைவு என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் இது இரண்டாம் வகை நீரிழிவால் வந்த புண்ணாக இருக்கலாம். இருந்தால் அதற்குரிய இடம் ஈ11.5. ஆனால் அதைத் தாமே முடிவு செய்து எழுதிவிடும் உரிமை பதிவேட்டுக்காரருக்கு இல்லை. மருத்துவருக்கு வினாக் குறிப்பு அனுப்பி, அவர் எழுத்தில் உறுதிப்படுத்திய பிறகே குறியீட்டை இட வேண்டும். அந்த வினாவிலும் ஓர் ஒழுக்கம் உண்டு: 'நீரிழிவுப் புண் என்று எழுதித் தாருங்கள்' என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது, 'இப்புண்ணின் காரணத்தைக் குறிப்பிட இயலுமா' என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த ஒரே ஒரு குறியீட்டுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கேட்பதுண்டு. சுகாதார அமைச்சின் 2023 ஆம் ஆண்டு தேசிய ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கூறுகிறது. நம் இந்தியரிடையே அது இன்னும் கூடுதல் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. ஆனால் நீரிழிவு எத்தனை பேரின் காலைப் புண்ணாக்கி மருத்துவமனையில் படுக்க வைத்தது என்ற கணக்கு பெரும்பாலும் எங்களைப் போன்றோர் இடும் குறியீடுகளிலிருந்தே மேலே செல்கிறது. எல்97 என்று போட்டுவிட்டால் அந்த நோயாளி நீரிழிவின் கணக்கிலிருந்தே காணாமற் போகிறார். உடற்கூறும் நோயியலும் படிக்காத ஒருவர், எவ்வளவு திறமையான கணினி ஆளாக இருந்தாலும், பாதத்தில் உணர்வு குறைவு என்ற அந்த ஒரு வரியைக் கடந்து போய்விடுவார். அது ஏன் முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

இப்படிப்பின் மற்றொரு பகுதி ஆள் அடையாளம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். நம் ஊரில் அது தனிக் கலை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) போட்டுத் தகப்பனார் பெயர் வரும். வெளிநாட்டில் தயாரான மென்பொருளோ முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கட்டம் போட்டுக் கேட்கும். ஒரு முகப்பில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகப் பதியப்படும், இன்னொரு முகப்பில் எல்லாம் ஒரே கட்டத்தில் அடைக்கப்படும். தோட்டத்தில் பிறந்த லெட்சுமி அம்மாவின் பெயரை அந்தக் காலத்து எழுத்தர் ஒருவிதமாக எழுதியிருப்பார்; பிள்ளைகள் காப்புறுதிப் படிவத்தில் இன்னொருவிதமாக எழுதுவார்கள். அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்கள் நமக்குப் பெரிய துணை: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண். சிகிச்சைக்காக இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து பினாங்குக்கு வரும் நோயாளிகளிடம் இந்த வசதி இல்லை. அவர்களில் பலருக்கு ஒற்றைப் பெயர். கடப்பிதழைப் புதுப்பித்தால் எண்ணும் மாறிவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவேடு உருவாகி, பெனிசிலின் ஒவ்வாமை பழைய பதிவில் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கணினியை நான் குறைத்துப் பேசவில்லை. செலாயாங் மருத்துவமனை 1999 ஆம் ஆண்டிலேயே காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்ட நாடு இது. ஆனால் மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றைக் கற்றுத் தேறுவதற்குள் மருத்துவமனை வேறொன்றை வாங்கிவிடுகிறது. நோய்களை வகைப்படுத்தும் அறிவோ, பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் தயாரித்த மரணக் காரணப் பட்டியல் 1893 இல் ஏற்கப்பட்டதிலிருந்து தொடர்ந்து வளர்ந்து வருவது. 1948 இல் உலகச் சுகாதார நிறுவனம் அப்பொறுப்பை எடுத்துக்கொண்டது. 1990 இல் பத்தாம் பதிப்பு ஏற்கப்பட்டது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தப் புதிய பதிப்பில் ஒரு மூலக் குறியீட்டோடு வேறு குறியீடுகளைச் சேர்த்து ஒரு நிலையை விவரிக்க வேண்டும் என்பதால், படித்துத் தீர்மானிக்கும் வேலை கூடுமே தவிரக் குறையாது. செயற்கை நுண்ணறிவு குறியீடுகளைப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது உண்மைதான். பரிந்துரை சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் எதிரில் இருக்கும் வரை எனக்கு அதில் அச்சமில்லை.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். மருத்துவக் காப்புறுதிச் சந்தா உயர்வு பெரும் சர்ச்சையாகி, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் இடைக்கால நடவடிக்கைகளை அறிவித்தபோது, டி.ஆர்.ஜி. என்ற சொல்லும் செய்திகளில் அடிபட்டது. ஒவ்வொரு ஊசிக்கும் பஞ்சுக்கும் தனித்தனியே கட்டணம் போடாமல், முதன்மை நோய், செய்யப்பட்ட அறுவை, உடன் வந்த சிக்கல்கள் ஆகியவற்றைக் கொண்டு நோயாளியை ஒரு தொகுதியில் சேர்த்து, அத்தொகுதிக்கு ஒரு தொகை என்று வரையறுக்கும் முறை அது. முதியோருக்கான அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்புறுதித் திட்டம் 1983 இல் இதற்கு மாறியது. தொகுதியைத் தீர்மானிப்பது குறியீடு. குறியீட்டை இடுபவர் பதிவேட்டுப் பிரிவில் இருப்பவர். இந்நாட்டுத் தனியார் மருத்துவமனைகள் அம்முறைக்குள் வரும் நாளில், இல்லாத சிக்கலை இருப்பதாகக் காட்டினால் மருத்துவமனைக்கு லாபம், இருப்பதை விட்டுவிட்டால் நட்டம் என்ற இழுபறியின் நடுவில் இந்தப் பிள்ளைகள்தாம் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குத் தேவையான நெஞ்சுரத்தை எந்தக் கல்லூரி பாடமாக வைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

இரகசியம் காப்பதும் இப்படிப்பின் பகுதி. 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை உணர்திறன் மிக்க தரவாக வைத்து, நோயாளியின் வெளிப்படையான ஒப்புதலைக் கோருகிறது. ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. பக்கத்துச் சிங்கப்பூரில் 2018 இல் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள், அப்போதைய பிரதமருடையது உட்பட, களவு போயின. நம்மிடையே அபாயம் இன்னும் எளிமையான வழியில் வரும்: வார்டில் கிடக்கும் உறவினருக்கு என்ன நோய் என்று 'சும்மா பார்த்துச் சொல்' எனக் கேட்கும் மாமாவுக்கு முடியாது என்று சொல்லப் பழக வேண்டும். மாமா கோபித்துக்கொள்வார்.

இத்தனை பொறுப்பும் உள்ள இவ்வேலைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை என்பதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. 2016 ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் அட்டவணையில் 23 தொழில்கள் இருக்கின்றன: இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர், பூச்சியியலாளர், மருத்துவமனை உணவுச் சேவை அலுவலர் என்று நீளும் அப்பட்டியலில் சுகாதாரத் தகவல் அலுவலர் இல்லை. பதிவு வேண்டாம் என்பதால், யாரையும் இப்பணியில் உட்கார வைக்கலாம். எந்தக் கல்லூரியும் தலைப்பில் 'டிஜிட்டல்' என்று சேர்த்து, இரண்டு பருவம் மேலாண்மைப் பாடத்தையும் ஒரு பருவம் மென்பொருளையும் நடத்தி அனுப்பிவிடலாம். அட்டவணையை விரிவாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை சோதித்துப் பார்க்கும் வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது. பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் எடுக்கும் முன் பாடப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். உடற்கூறு, நோயியல், மருத்துவச் சொற்கள், நோய்க் குறியீடு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றனவா, குறியீடு கற்பிப்பவர் மருத்துவமனையில் அதைச் செய்தவரா, பயிற்சிக் காலத்தில் மாணவர் உண்மையான பதிவேட்டைத் தொடுவாரா அல்லது வருகையாளர் முகப்பில் நிறுத்தப்படுவாரா என்று கேளுங்கள். படிப்புகளின் தகுதியை மதிப்பிடும் எம்.கியூ.ஏ. அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அதன் தகுதிப் பதிவேட்டில் நீங்களே சரிபார்க்கலாம்.

இன்னொன்று. சென்னையில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் 'மெடிக்கல் கோடிங்' வகுப்புக்குப் போய் வேலைக்குச் சேர்ந்ததைக் கேள்விப்பட்டு, அதே இணைய வகுப்பில் இங்குள்ள பிள்ளைகளையும் சேர்ப்பவர்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் கற்பிக்கப்படுவது அமெரிக்கக் காப்புறுதிக் கோரிக்கைகளுக்கான வகைப்பாடு. 2015 அக்டோபர் முதல் அமெரிக்கா பயன்படுத்தி வரும் தனிப் பதிப்பு. மேலே சொன்ன அதே நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு அதில் ஈ11.621 என்று எழுதி, புண் இருக்கும் இடத்தைக் காட்ட எல்97 பிரிவிலிருந்தும் ஒரு குறியீட்டைச் சேர்க்க வேண்டும். அமெரிக்க வேலைக்கு அது சரி. மலேசிய மருத்துவமனையில் வேலை செய்யப் போகும் பிள்ளை உலகச் சுகாதார நிறுவனத்தின் பதிப்பிலிருந்து தொடங்கட்டும்; அந்தப் பட்டியல் முழுவதும் அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.