வீட்டுக் கணினியின் ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

வீட்டுக் கணினிக்கும் கட்டண ஆன்டிவைரஸ் (வைரஸைத் தடுக்கும் மென்பொருள்) கட்டாயம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்முனையில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். இங்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பென்டிரைவ் வழியே வருபவை. பிள்ளை ரியூசன் நோட்ஸைக் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வரும். வீட்டில் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு சோர்ட்கட்டாக நிற்கும். அதைக் கிளிக் செய்தால் வைரஸ் கணினிக்குள்ளும் ஏறிவிடும். பதறிப்போய் ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள். அனேகமாகக் கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டுத்தான் இருக்கும், மீட்டெடுக்கலாம்.

இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்கு விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸே போதும், ஒழுங்காக அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால்.

அதற்காக இலவசமெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்ற விவகாரத்தில், இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் 16.5 மில்லியன் டொலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2024இல் உத்தரவிட்டது.

பல சாதனங்களுக்கு ஒரே லைசன்ஸ், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு என்று தேவை இருந்தால் காசு கொடுக்கலாம், சரி. ஆனால் கிராக் செய்த (லைசன்ஸ் பூட்டை உடைத்த திருட்டு) ஆன்டிவைரஸ் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதை நிறுவ முதலில் பாதுகாப்பை நிறுத்தச் சொல்வார்கள். அந்த இடைவெளியில்தான் வினை உள்ளே வரும்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் திறந்துகிடக்கும் ஓட்டையை எந்த ஆன்டிவைரஸாலும் முழுதாக அடைக்க முடியாது. எங்கள் பக்கம் பல வீடுகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. அதைப் பற்றியும் எழுதுங்கள்.