அடுத்த லென்ஸுக்கு முன் ஒரு மைக்

ஒளிப்படம் எடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த லென்ஸுக்கென்று சேர்த்துவைக்கும் காசில் முதலில் ஒரு நல்ல மைக்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் வாங்குங்கள். உங்கள் கையிலுள்ள கமராவுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது. காதுதான் போதாது.

டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கமராவில், வீடியோ எடுப்பது புதுமையே அல்ல. 2008இல் நிக்கோன் டி90 அதைத் தொடக்கிவைத்தது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட கெனன் 5டி மார்க் 2 முழு எச்டியில் எடுத்தது. என்னுடைய கெனன் 600டியிலும் அந்த வசதி வாங்கிய நாள் முதலே இருந்தது. யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு தவில் வித்துவான் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதைப் படமெடுக்கப் போன பிறகுதான் அதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அவர் சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையை, முதலில் வாயால் சொல்கிறார். பிறகு அதையே தவிலில் வாசிக்கிறார். மாணவன் திருப்பி வாசிக்கிறான். பிறகு காலத்தை, அதாவது வேகத்தை, இரட்டிக்கிறார். இடது கையில் கழி, வலது கை விரல்களில் மாட்டிய கூடு, நெற்றியில் வியர்வை எல்லாம் ஒளிப்படத்தில் அழகாக விழுகின்றன. வாய் சொன்னதற்குக் கை பதில் சொல்கிறதே, அது விழுவதில்லை. பாடம் என்பது அதுதானே.

“ஐயா, அடுத்த முறை வீடியோவாக எடுக்கட்டுமா?” என்று கேட்டேன். “எடுங்கோ தம்பி, ஆனால் இடையில் நிறுத்தச் சொல்லாதேங்கோ” என்றார். இந்த ஒரு நிபந்தனைதான் எனக்கு ஒளிப்பதிவைக் கற்றுத்தந்தது.

படப் பக்கத்துச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடியோ தொடங்கியதும் கண்ணாடி மேலே போய்விடும், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டுவிடும். பின்பக்கத் திரைதான் கதி. ஃபோக்கஸைக் கையால் வைக்க வேண்டும். பதிவைத் தொடங்குமுன் திரையில் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டால் போதும். செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 செக்கன். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ரியூப் லைட் வெளிச்சத்தில் கோடுகள் ஓடாமல் இருப்பதற்கும் இந்தக் கணக்கே சரி. ஷட்டரை இப்படிக் கட்டிப்போட்ட பிறகு, முற்றத்து வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100இல் லென்ஸின் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்க வேண்டியிருக்கும். எஃப்/2.8 என்று அகலத் திறக்க வேண்டுமென்றால் ஆறு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகும்) ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற கருங்கண்ணாடி தேவை. நான் திண்ணை நிழலில் எஃப்/5.6இல் எடுத்தேன். ஆடி ஆடி வாசிப்பவரை அதைவிட அகலத் திறந்து எடுத்தால் முகம் ஃபோக்கஸுக்கு உள்ளும் வெளியும் போய்வரும். பின்னணி மங்கலாக இருக்க வேண்டும் என்ற ஆசையை இந்த வேலையில் விட்டுவிடலாம்.

ஒலிதான் பெரிய விடயம். கமராவில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. அமைதியான வேளையில் அது ஒலியை ஏற்றிக்கொண்டே போகும். பலத்த ஓசை வந்தால் சட்டென்று இறக்கும். பேசுவதைப் பதிவுசெய்ய அது உதவும். தவிலுக்கு அது கொலை. அடிக்கு அடி ஓசை நசுங்குகிறது; இரண்டு அடிகளுக்கு நடுவில் மின்விசிறியின் இரைச்சல் மேலெழுகிறது. வித்துவான் மெல்லத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் ஒரே அளவில் கேட்கின்றன. அவர் வாழ்நாள் முழுவதும் பழகிய நுட்பத்தை கமராவுக்குள் இருக்கும் ஒரு சிப் சமப்படுத்திவிடுகிறது. 600டியில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு அளவைக் கையால் வைக்கலாம். அவரை ஒருமுறை முழுப் பலத்தோடு வாசிக்கச் சொல்லி, அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டு அளவை வையுங்கள். தனிக் கருவியில் பதிந்தால் இன்னும் நல்லது. கமராவின் சொந்த ஒலியையும் ஓடவிடுங்கள். தவிலின் முதல் அடி இரண்டு பதிவிலும் கூர்மையாகத் தெரியும்; அதைப் பிடித்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் இந்தக் கமரா நின்றுவிடும். முழு எச்டியில் அது சுமார் 12 நிமிடம். ஐயாவோ நிறுத்த மாட்டார். கமரா நின்று மறுபடி தொடங்கும் இடைவெளியிலும் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்ததால் வாசிப்பு அறுபடவில்லை. படத்தில் விழுந்த இடைவெளியை மாணவர்களின் முகங்களால் நிரப்பிக்கொண்டேன். ஒலி முழுதாக இருந்தால் படத்தை எப்படியும் ஒப்பேற்றலாம், ஒலி அறுபட்டால் படத்தைக் கொண்டு ஒப்பேற்ற முடியாது.

இதையெல்லாம் எழுத வைத்தது எங்கள் கல்யாண வீடியோக்கள்தான். தாலிகட்டும் நேரம், கெட்டிமேளம் முழங்குகிறது, ஆட்கள் எழுந்து நின்று அரிசி போடுகிறார்கள். வீடியோவில் அந்த ஓசையை அடியோடு எடுத்துவிட்டு, சினிமாப் பாட்டை ஒட்டி, எல்லாவற்றையும் மெதுவாக ஓடவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அந்த மணவறையில் வாசித்தவர்கள் சிறுவயதிலிருந்து படித்துவந்தவர்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமும் ஒலித்த மண் இது. அந்த வழியில் வந்தவர்களின் கைகளை மட்டும் காட்டி ஓசையை அழிப்பதற்கு எந்த உரிமையும் ஒளிப்பதிவாளருக்கு இல்லை. வீட்டுக்காரர் பாட்டுக் கேட்கிறார் என்றால் பாட்டுப் போட்ட சுருக்கம் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். முழு வீடியோவில் மேளம் மேளமாகவே இருக்கட்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் தேரை எடுக்காத கமரா யாழ்ப்பாணத்தில் இல்லை. திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வாசிக்கிறவர்களை, அவர்கள் ஓசையோடு, நிறுத்தாமல் எடுத்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? எங்களில் பலரிடம் கருவி இருக்கிறது. ஒளியைப் படிக்கத் தெரியும். ஒரு வாசிப்பு முடியும்வரை பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு இருக்கப் பழகினால் மிச்சத்தைப் பழகிக்கொள்ளலாம்.

அடுத்ததாக ஒரு நாதஸ்வரப் பாடத்தை முழுமையாக எடுக்க விரும்புகிறேன். அளவெட்டி, இணுவில், கோண்டாவில் பக்கம் சம்மதிக்கக்கூடிய ஆசிரியர்களைத் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஒளிப்பதிவுக்குக் கூலி இல்லை. முழுப் பதிவின் பிரதி ஒன்று வாசித்தவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அவர் சம்மதமில்லாமல் எங்கும் பகிர மாட்டேன்.